மருதடியில் கட்டிய மஞ்சள் துணி

கஜானிக்குக் கெட்டித்தனம் கொஞ்சம் கூடுதல். அம்மா இதைப் பெருமையாகச் சொல்லுவாள், அண்ணன் எரிச்சலோடு சொல்லுவான். அவள் வேலை செய்கிற கம்பனியின் பொறியியலாளர் உதயரூபன், தனக்கு ஏதாவது காரியம் ஆகவேண்டியிருந்தால் மட்டும் சொல்லுவார். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அவள் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தால் வெளியே வந்து நிற்பாள். அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவளை விழுத்தியது.

அவளுடைய வேலையைச் சொன்னால் களுவாஞ்சிக்குடியில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும். மட்டக்களப்பு வாவிக்கு அடியால் குடிதண்ணீர்க் குழாய் ஒன்று போடுகிறார்கள். கிழக்குக் கரையான எழுவான்கரையில், குருக்கள்மடத்துப் பக்கம், ஒரு குழி தோண்டி அதற்குள் இறங்கி, வாவியின் அடிநிலத்தைத் துளைத்துக்கொண்டு போய், மேற்குக் கரையான படுவான்கரையில் எழும்ப வேண்டும். மண்ணில் கை வைப்பதற்கு முன்னால் அந்தக் கரையெல்லாம் நடந்து, அங்கே என்னென்ன உயிர்கள் குடியிருக்கின்றன, எது எங்கே முட்டையிடுகிறது, எது எங்கே குட்டி போடுகிறது என்று பார்த்துச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கஜானி. "நரிக்கும் நாரைக்கும் குடிக்கணக்கு எடுக்கிற விதானையார் வேலை பாக்கிறாள்" என்பான் அண்ணன்.

படுவான்கரையில் யாரும் சிரிக்கமாட்டார்கள். அவளுடைய பெரியம்மா அங்கேதான் இருக்கிறாள். கோடை பிடித்தால் கிணறு உவர்த்துப்போகும். தண்ணீர் பவுசர் வண்டி வருகிற நாளில் பெரியம்மா வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் குந்திக்கொண்டிருப்பாள். பவுசர் வராத நாட்களிலும் அப்படியே குந்திக்கொண்டிருப்பாள். "உன்ட குழாய் எப்ப மகள் வரும்?" என்று கேட்பாள், ஏதோ கஜானியே தோளில் தூக்கிக்கொண்டு வரப்போகிற மாதிரி.

வைகாசிச் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில், விடிந்தும் விடியாத நேரத்தில், அவள் அந்த மருதமரத்தடிக்கு வந்தாள். கரையோரம் தாழையும் நாணலும் பின்னிப்பிடித்து ஆள் நுழைய முடியாத பற்றை. மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு பொந்து இருந்தது. வாசலில் மீன்செதிளும் நண்டோடும் கலந்த எச்சம். ஈரச் சேற்றில் ஐந்து விரல் தடம். விரலுக்கும் விரலுக்கும் நடுவே சவ்வு அழுத்தியிருந்தது, நுனியில் நகம் குத்தியிருந்தது. நீர்நாய்.

இத்தனை வருட வேலையில் தடத்தை மட்டும்தான் அவள் கண்டிருக்கிறாள். அதனால் நாணலுக்குள் பதுங்கி, நுளம்புக் கடிக்குக் கையைக் காலைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். தண்ணீரில் ஒரு கோடு வந்தது. கோட்டின் முனையில் தலை, வாயில் ஒரு செல்வன் மீன். தாய் கரையேறி, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுப் பொந்துக்குள் போனது. உள்ளேயிருந்து குட்டிகளின் சத்தம் வந்தது. கைக்குழந்தைகள் பாலுக்குச் சிணுங்குகிற அதே சத்தம். கஜானிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அப்போது யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கட்டிப்பிடிக்க யாருமில்லை. எழும்பிப் பார்த்தால், குழி தோண்டுவதற்கு அளந்து அடித்த முளைக்கம்பு மருதமரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. வளை இருக்கிறது, குட்டி இருக்கிறது என்று அறிக்கையில் எழுத வேண்டும். எழுதினால், குட்டிகள் நீந்தப் பழகி வெளியேறும்வரை அந்தப் பக்கம் ஒரு மண்வெட்டிகூட விழக்கூடாது. அதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் குழாய் அடுத்த வருடத்துக்குத்தான். எழுதியது நாலு கை மாறும், நாலு வாய் மாறும், தோணிக்காரர்களின் காதுக்கும் போகும். இரவில் வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிட்டுப் போகிற நீர்நாய் என்றால் அவர்களுக்குக் கொதிக்கும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வளை இன்ன இடத்தில் என்று தெரிந்தால் குட்டிகள் தப்பாது. இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே வழக்குப் பேசினாள். நியாயங்கள் எல்லாம் நியாயங்கள்தான். ஆனால் அதற்கு முதல்நாள் உதயரூபன் தோளில் தட்டாத குறையாக, "மழைக்கு முதல் முடிக்கோணும் பிள்ளை. பாத்து எழுதுங்க" என்று சொல்லியிருந்ததை அவள் அந்த வழக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது சாமிப்படத்துக்கு முன்னால் கிடந்த மஞ்சள் துணியில் அவள் கண் விழுந்தது. கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கன்று அம்மா வாங்கிவந்த துணி. வாவிக்கரை ஊர்களில் ஒரு மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தால் போதும், யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். யாரோ நேர்ந்து கட்டியிருக்கிறார்கள், அம்மாளின் காரியம் என்று விலகிப் போவார்கள். கோடரி வைக்கமாட்டார்கள். மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் வைக்கவும் விடமாட்டார்கள்.

எழுதினால் இத்தனை வில்லங்கம். கட்டினால் ஒன்றுமே இல்லை. குட்டியும் பிழைக்கும், குழாயும் வரும், உதயரூபனும் முகம் சுளிக்கமாட்டார். கஜானிக்குத் தன்னுடைய மூளையை நினைத்துத் தனக்கே சந்தோஷமாக இருந்தது.

அவள் சாமி கும்பிடாதவள் இல்லை. மறுநாள் விடிய மரத்தில் துணியைக் கட்டி முடிச்சுப் போடும்போது, "அம்மாளே, குறை நினைக்காதே. உன் பேரில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் காப்பாற்றத்தான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். முடிச்சைக் கொஞ்சம் மேலே, நன்றாகத் தெரிகிற இடத்தில் போட்டாள். கம்பனிக்கு, நீர்நாய் நடமாட்டம் உண்டு, வளை எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

அவள் நினைத்தபடியேதான் நடந்தது. பெக்கோ ஓட்டுகிற சிவபாதம் வாகரைக்காரர், வாய் பேசாத மனிதர். மரத்துக்குக் கிட்டப் போனவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார், செருப்பைக் கழற்றினார், நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார். பிறகு திரும்பி வந்து நின்றார்.

"என்ன சிவபாதம்?" என்றார் உதயரூபன்.

"துணி கட்டிக் கிடக்கு சேர்."

"முந்தநாள் இல்லாத துணி இண்டைக்கு எங்கால வந்த?"

"அது எனக்குத் தெரியா சேர். கடல் வந்து எங்கட ஊர வழிச்சுக்கொண்டு போனதுக்குப் பிறகு நான் சாமிட விஷயத்தில கை வைக்கிறல்ல. வேற ஆளப் பாருங்க."

கரையில் அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். உதயரூபன் கஜானியைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதற்கு அது இன்னொரு நல்ல நேரம். கஜானி, "பெரிய பிரச்சினையாப் போயிரும் சேர். கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க. அந்தப் பக்கம் வெறும் பற்றைதான், ஒண்டும் இல்ல" என்றாள். உதயரூபன் யாரையென்று இல்லாமல் ஏசிவிட்டு முளைக்கம்பைப் பிடுங்கச் சொன்னார். பெக்கோ திரும்பிப் போனது. அன்றைக்கு வீட்டில் கஜானி இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். குழாய் வாவிக்கு அடியால் படுவான்கரைக்குக் கிட்டப் போய்விட்டது. வேலையால் கரைக்கு ஏதும் கெடுதல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய முறை. ஆனால் அவள் ஸ்கூட்டியை ஓட்டிவந்த அவசரம் வேறு. குட்டிகள் இந்நேரம் தண்ணீரில் இறங்கியிருக்கும், தாயின் பின்னால் கோடு போட்டுக்கொண்டு நீந்தும், தூரத்தில் நின்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

மருதமரத்தை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாழை இல்லை, நாணல் இல்லை. வெட்டி எரித்த கரி இன்னும் ஓரத்தில் கிடந்தது. நிலமெல்லாம் கூட்டி வெள்ளைமணல் பரப்பியிருந்தது. கிடுகால் ஒரு சின்னப் பந்தல், அதில் ஒரு மணி. மரத்தில் அவள் கட்டிய துணியைச் சுற்றி இப்போது எத்தனையோ மஞ்சள் துணிகள். வேரடியில், பொந்து இருந்த இடத்தில், செங்கல்லால் சதுரம் கட்டிச் சீமெந்து பூசி நடுவில் ஒரு சூலம் நட்டிருந்தது.

ஒரு பெண் குனிந்து மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"வாங்க மிஸ், வாங்க. நீங்கதானே அண்டைக்கு மெசினோட வந்து நிண்ட? நான் அன்னப்பூரணி. அந்தா தெரியிற வீடுதான். அம்மாள் மெசினக் கிறுகித் திரும்பிப் போகப்பண்ணின அண்டைக்கு நானும் இஞ்சதான் நிண்ட."

"இந்தப் பற்றையெல்லாம்..."

"நாங்கதான் வெட்டி எரிச்ச. அம்மாள் வந்து இருக்கிற இடத்த அப்பிடியே காடா விட ஏலுமா? பொம்புளையளெல்லாம் சேந்து ஒரே நாளில துப்புரவாக்கிட்டம்."

கஜானி மரத்தடியைக் காட்டினாள். "வேரடியில ஒரு பொந்து இரிந்ததே அக்கா."

"நீங்களும் கண்டீங்களா? பாம்புப் புத்தெண்டு நினைச்சம் மிஸ். சின்னப்புள்ளையள் வந்துபோற இடம், கால் கீல் போயித்தா? நான்தான் மணல் அள்ளி இறுக்கி அடைச்ச. எங்கட அவர் மேசன்தானே, மேல கல்லு வெச்சுச் சீமெந்து பூசினவர்." அன்னப்பூரணி விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்டைக்குப் பின்னேரம்தான் மிஸ் அந்த அதிசயம். சீமெந்து காயக்குள்ள நிலத்துக்கு அடியால பச்சப்புள்ள அழுற மாதிரி ஒரு சத்தம். என்ட இந்தக் காதால கேட்டன். ஊரே வந்து கேட்டுத்துப் போன. அடுத்த நாளும் கேட்டுது. மறுகாதான் சத்தம் நிண்ட. அம்மாள் குடியேறிட்டா எண்டு எல்லாரும் சொன்னாங்க. பொங்கிப் படைச்சம்."

கஜானி சீமெந்தைப் பார்த்தாள். "ஒருத்தரும் திறந்து பாக்கல்லையா?"

"ஆர் மிஸ் அதத் திறப்பாங்க? ஆரோ நேர்ந்து துணி கட்டின இடமல்லோ?"

பெக்கோவை நிறுத்திய துணி அதையும் நிறுத்தியிருக்கிறது. கல்லைக் கிளப்ப ஒரு அலவாங்கு போதும், ஒரு ஆள் போதும், சீமெந்து ஈரமாகத்தான் இருந்திருக்கும். ஒருவரும் கை வைக்கவில்லை. கை வைக்கக்கூடாது என்பதற்காகத்தானே அவள் அவ்வளவு மேலே, அவ்வளவு தெரியக் கட்டினாள்.

"இஞ்ச வந்து பாருங்க," என்று அன்னப்பூரணி அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அடுத்த நாள் விடிய வந்து பாத்தா, பாதம்."

சீமெந்தில் தடங்கள் இருந்தன. ஐந்து விரல், நடுவே சவ்வு, நுனியில் நகம். சூலத்தைச் சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. பொந்தின் வாசல் இருந்த பக்கம், கல் விளிம்பில், தடம் என்று சொல்ல முடியாதபடி நீள நீளமான கீறல்கள். ஈரமாக இருந்த இடமெல்லாம் தாய் தோண்டிப் பார்த்திருக்கிறது. கீழே கல். ஒவ்வொரு தடத்துக்குள்ளும் குங்குமம் நிரப்பி ஒரு பூ வைத்திருந்தார்கள்.

"பிறகும் கொஞ்ச நாள் பின்னேரங்களில வாவிக்குள்ள இரிந்து விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்த மிஸ். இப்ப அதுவும் இல்ல."

கஜானி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டாள். தாய் கூப்பிட்டிருக்கிறது. உள்ளேயிருந்து பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கின்றன. நடுவில் மஞ்சள் துணி. எழுதியிருந்தால் தோணிக்காரர்கள் கொன்றிருப்பார்களோ என்னவோ, கொல்லாமலும் இருந்திருக்கலாம். காவலுக்கு ஆள் வந்திருக்கலாம். அது இனித் தெரியப்போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான், இதை அவள் செய்தாள்.

"வெயில் மிஸ், முகம் வெளுத்துப் போச்சு," என்று அன்னப்பூரணியும் பக்கத்தில் குந்தினாள். பிறகு வெட்கத்தோடு சொன்னாள். "உங்களுக்குச் சொன்னா என்ன. எனக்கு எட்டு வருசமாப் புள்ள இல்ல மிஸ். ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. அண்டைக்கு அந்த அழுகைச் சத்தம் கேட்டவுடன எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. இந்த மண்ணில விழுந்து நேர்ந்த. தாயே, இப்பிடி ஒரு சத்தம் என்ட வீட்டுக்குள்ளயும் கேக்கோணும் எண்டு." வயிற்றில் கையை வைத்தாள். "போன கிழமை கிளினிக்கில சோதிச்சுப் பாத்தாங்க. முழுகாம இரிக்கன் மிஸ்."

கஜானி அவளைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று பட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் பாதியைச் சொன்னாள்.

"அக்கா, அந்த முதல் துணியக் கட்டின நான்தான்."

மற்றப் பாதி வருவதற்குள் அன்னப்பூரணி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் கஜானியின் விரல்களுக்கு இடையால் வழிந்தது. "நீங்களா மிஸ்? நீங்களா கட்டின? ஆரெண்டு தெரிஞ்சா கால்ல விழோணும் எண்டு இவரிட்டச் சொல்லிக்கொண்டே இரிந்தன். என்ட புள்ள பிறந்தா முதல் உங்கட மடியிலதான் வைப்பன்."

தன் கைகளைப் பிடித்திருந்த அந்தக் கைகளைக் கஜானி பார்த்தாள். உள்ளங்கையெல்லாம் வெடிப்பு. மணலை அள்ளி அள்ளி இறுக்கி அடைத்த கைகள். மற்றப் பாதியைச் சொன்னால் அது போய் விழுவது இந்தக் கைகளில்தான். இவள் இனி ஒவ்வொரு இரவும் அந்தச் சத்தத்தைக் கேட்பாள், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்பாள். கஜானி வாயை மூடிக்கொண்டாள்.

"இரிங்க, பொங்கல் இரிக்கு, கொண்டாறன்," என்று அன்னப்பூரணி வீட்டுக்கு ஓடினாள்.

அவள் போனதும் கஜானி கைபேசியை எடுத்து உதயரூபனுக்கு அழைத்தாள். இந்த முறை குறுக்கு வழி எதையும் யோசிக்கவில்லை.

"சேர், மருதடியில நீர்நாய் வளை ஒண்டு இரிந்தது. குட்டியோட. நான் கண்டுத்துத்தான் இல்லையெண்டு எழுதின. துணியக் கட்டினதும் நான்தான்."

 ஏசுவார், வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஏச்சுக்காகத்தான் அழைத்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"இப்ப வளை இரிக்கா?" என்றார் உதயரூபன்.

"இல்ல சேர். தெரியாம அடைச்சிட்டாங்க. குட்டியெல்லாம் உள்ளுக்க செத்துப்போச்சு."

"அப்ப நீங்க எழுதினது சரியாத்தானே கிடக்கு."

"சேர், நான் எழுதக்குள்ள அது பொய்."

"இப்ப பொய்யில்லைத்தானே? இதக் கிளறாதீங்க பிள்ளை. நாளைக்கு நாளண்டைக்குக் குழாய் அந்தப் பக்கம் எழும்பியிரும். உங்கட பெரியம்மாக்கும் தண்ணி வரும். செத்தத யோசிச்சு என்ன செய்யிற?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆறுதல் சொல்கிறவரின் சிரிப்பு. "எண்டாலும் கெட்டிக்காரிதான் நீங்க. அண்டைக்கு என்னையே பேய்க்காட்டிப் போட்டீங்க."

தொடர்பு அறுந்த பிறகும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். படுவான்கரையில், குழாய் எழும்ப வேண்டிய இடத்தில் குழி தோண்டுகிற இயந்திரத்தின் இரைச்சல் தண்ணீருக்கு மேலால் மெல்லக் கேட்டது. ஊருக்குத் தண்ணீர் வரப்போகிறது. அன்னப்பூரணிக்குப் பிள்ளை வரப்போகிறது. உதயரூபனுக்கு வேலை முடியப்போகிறது. எல்லாருக்கும் அவள் நல்லவள். ஒரு ஆள் வந்து கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அதற்கு ஒருவரும் இல்லை. அடிக்க உரிமையுள்ளது ஒன்றே ஒன்றுதான், அது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எங்கேயோ போய்விட்டது.

அன்னப்பூரணி தட்டில் பொங்கலோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டுச் சீமெந்துக்குக் கிட்டக் குனிந்தாள். கல் விளிம்பில், கீறல்களுக்கு மேலே, எல்லாவற்றிலும் ஆழமாகப் பதிந்திருந்த தடத்துக்குள் விரலை வைத்துக் குங்குமத்தைத் தொட்டு எடுத்தாள்.

"நெத்தியக் காட்டுங்க மிஸ். தாய்ட பாதத்துக் குங்குமம்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. கஜானி தலையைக் குனிந்து நெற்றியைக் கொடுத்தாள். பிறகு தட்டை மடியில் வைத்து, அன்னப்பூரணி பார்த்துக்கொண்டிருக்க, பொங்கலைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.